பாடக் கோப்பு பிள்ளைகளுக்குப் போய்ச் சேரவில்லையா? அறிகுறியைப் பார்த்துப் பிழையைப் பிடிக்கலாம்

"சேர், பைல் ஓப்பன் ஆகுதில்லை."

கொழும்பில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பக்கம் உள்ள கல்வி நிலையங்களுக்கு மூடிலும் கூகுள் கிளாஸ்ரூமும் (பாடமும் ஒப்படையும் கொடுக்கும் இணையத் தளங்கள்) பார்த்துக்கொடுக்கிற எனக்கு அதிகம் வரும் முறைப்பாடு இதுதான். இந்த ஒரு வசனத்துக்குள் பல வேறு பிழைகள் இருக்கலாம். அவற்றில் பெரும்பாலானவற்றுக்கும் தளத்துக்கும் சம்பந்தமே இருக்காது. கோப்பு ஓரிடத்தில் இருக்கும், அதற்கான அனுமதி இன்னோரிடத்தில் இருக்கும், பிள்ளை வேறு ஏதோ கணக்கில் நுழைந்திருப்பார்.

உங்களுக்குப் பொருந்துகிற தலைப்புக்கு நேரே போங்கள். செலவில்லாத காரணங்கள் முதலில் வரும், அட்மினையோ (தளத்தை நிர்வகிப்பவர்) ஹோஸ்டிங்காரரையோ (தளம் ஓடும் சேர்வரை வாடகைக்குத் தருபவர்) கூப்பிட வேண்டிய கட்டம் கடைசியில் வரும்.

ஒன்றை மட்டும் முதலே சொல்லிவிடுகிறேன். லிங்க் வேலை செய்யவில்லை என்றதும் கோப்பை வட்ஸ்அப் குழுவில் தூக்கிப் போடாதீர்கள். அன்றைக்குத் தலைவலி தீரும். அடுத்த கிழமை நீங்கள் திருத்திய பிரதியைத் தளத்தில் ஏற்றியிருப்பீர்கள், பாதி வகுப்பு குழுவில் கிடக்கும் பழையதைப் படித்துக்கொண்டு வரும்.

## எதையும் தொடுவதற்கு முன்

முதலில் கேளுங்கள்: ஒருவருக்கு மட்டுமா, எல்லோருக்குமா? ஒருவருக்கு மட்டும் என்றால் அவருடைய போன், கணக்கு, டேட்டா என்று தேடுங்கள். எல்லோருக்கும் என்றால் உங்கள் அமைப்புகளில் தேடுங்கள். ஒரு குழுவுக்கு மட்டும் என்றால் அநேகமாக அந்தக் குழுவுக்குப் போட்ட கட்டுப்பாடுதான்.

அடுத்தது ஸ்கிரீன்ஷொட். மேலே முகவரிப் பட்டையும் நேரமும் தெரிகிற மாதிரி முழுத்திரையையும் அனுப்பச் சொல்லுங்கள். "வேலை செய்யுதில்லை" என்ற சொல்லை வைத்துக்கொண்டு எதையும் திருத்த முடியாது.

அப்புறம், பிள்ளையின் பக்கத்திலிருந்து பாருங்கள். உங்கள் திரையில் திறக்கிறது என்பதற்குப் பெறுமதியே இல்லை. கோப்புக்குச் சொந்தக்காரர் நீங்கள், உங்களுக்குத் திறக்காமல் யாருக்குத் திறக்கும்? கூகுள் ட்ரைவ் லிங்க் என்றால் உலாவியின் மறைநிலை ஜன்னலில் (எந்தக் கணக்கிலும் நுழையாமல் திறக்கும் ஜன்னல்) ஒட்டிப் பாருங்கள். மூடிலில் 'சுவிட்ச் ரோல்' மூலம் மாணவராக மாறலாம். ஆனால் குழுக் கட்டுப்பாடு போன்றவற்றை அது சரியாகக் காட்டாது. அதைவிட, ஒரு சோதனை மாணவர் கணக்கை உருவாக்கி எல்லாப் பாடநெறியிலும் சேர்த்து வைத்திருப்பது நல்லது. கிளாஸ்ரூமுக்கும் அப்படி ஒரு கணக்கு வேண்டும்.

## லிங்கைத் தட்டினால் அனுமதி கேட்கும் பக்கம் வருகிறது

ட்ரைவ் கோப்புகளில் இதுதான் முதலிடம்.

### ஒருவருக்கு மட்டும் வந்தால்

போனில் இரண்டு மூன்று ஜிமெயில் கணக்குகள் இருக்கும். பாதிப் போன்கள் அம்மாவினுடையதோ அண்ணாவினுடையதோதான். கிளாஸ்ரூமில் ஒரு கணக்கு, ட்ரைவ் செயலி திறக்கும்போது இன்னொரு கணக்கு. அனுமதிப் பக்கத்திலேயே எந்தக் கணக்கில் இருக்கிறார் என்று காட்டும், ஸ்கிரீன்ஷொட்டில் அதைப் பாருங்கள். கணக்கை மாற்றினால் சரி. வட்ஸ்அப்பில் வந்த லிங்கைத் தட்டாமல் கிளாஸ்ரூமுக்குள்ளேயே போய்த் திறக்கச் சொன்னாலும் பல நேரம் தீர்ந்துவிடும்.

### எல்லோருக்கும் வந்தால்

'ஷெயார்' பெட்டியைத் திறந்து பொது அணுகல் என்னவென்று பாருங்கள். 'கட்டுப்படுத்தப்பட்டது' என்று இருந்தால் நீங்கள் பெயர் சேர்த்தவர்களுக்கு மட்டுமே திறக்கும். 'லிங்க் உள்ள எவரும்' என்று மாற்றி, பக்கத்தில் 'பார்வையாளர்' என்று இருப்பதை உறுதிசெய்யுங்கள். 'எடிட்டர்' என்று விட்டால் அரை மணித்தியாலத்தில் யாரோ ஒருவர் உங்கள் வினாத்தாளில் தன் பெயரை எழுதிவைப்பார்.

அப்படியும் திறக்கவில்லையென்றால் நீங்கள் அனுப்பியது எந்தக் கோப்பு என்று பாருங்கள். வேறோர் ஆசிரியர் உங்களுக்குப் பார்க்க மட்டும் தந்த கோப்பை நீங்கள் வகுப்புக்கு இணைத்திருந்தால், கிளாஸ்ரூமால் அதைப் பிள்ளைகளுக்குப் பகிர முடியாது. உங்கள் ட்ரைவில் ஒரு பிரதி எடுத்து அதை இணையுங்கள். ஃபோல்டர் ஒன்றில் குறுக்குவழி மட்டும் போட்டிருந்தாலும் இதே கதைதான். ஃபோல்டரின் அனுமதி குறுக்குவழிக்குப் பின்னால் இருக்கும் மூலக் கோப்புக்குப் போகாது. ஒரு கோப்பை வேறு ஃபோல்டருக்கு நகர்த்தினால் பழைய ஃபோல்டரிலிருந்து வந்த அனுமதியும் போய்விடும். "நேற்று வரை திறந்தது மிஸ்" என்று சொன்னால் முதலில் இதைப் பாருங்கள்.

எப்போது அட்மினைக் கூப்பிடுவது: 'லிங்க் உள்ள எவரும்' என்ற தெரிவே உங்களுக்குக் காட்டவில்லை, அல்லது நிறுவனத்துக்கு வெளியே பகிர முடியாது என்று செய்தி வருகிறது என்றால், அது நிறுவன மட்டத்துப் பூட்டு. நிறுவனக் கணக்கில் ஆசிரியர், சொந்த ஜிமெயிலில் பிள்ளைகள் என்று நடத்தும் இடங்களில் இது வராமல் இருக்காது. ஆசிரியர் என்ன செய்தாலும் திறக்காது, கூகுள் அட்மின்தான் மாற்ற வேண்டும்.

### 'அதிகம் பேர் பார்த்துவிட்டார்கள்' என்று வந்தால்

பரீட்சைக்கு முதல் நாள் இரவில் வரும் செய்தி இது. ஒரே கோப்பை அளவுக்கு அதிகமானோர் குறுகிய நேரத்தில் இறக்கினால் கூகுள் தற்காலிகமாக மூடிவிடும். அதிகமாகப் போனால் 24 மணித்தியாலத்தில் தானாகத் திறக்கும். அவசரம் என்றால் கோப்பைப் பிரதி எடுத்துப் புதிய லிங்கைக் கொடுங்கள்.

100 எம்பிக்கு மேற்பட்ட கோப்புகளுக்கு வைரஸ் சோதிக்க முடியவில்லை என்று ஓர் எச்சரிக்கைப் பக்கம் வரும். அது பிழையே இல்லை. பிள்ளைகளுக்கு முதலே சொல்லிவிட்டால் போதும்.

## செய்தி வருகிறது, லிங்க் மட்டும் சுற்றிக்கொண்டே நிற்கிறது

வட்ஸ்அப் வேலை செய்கிறது, யூடியூப் வேலை செய்கிறது, உங்கள் லிங்க் மட்டும் திறக்கவில்லை என்று ஒரு பிள்ளை சொன்னால் முதலில் டேட்டா பெக்கேஜைக் கேளுங்கள். குறிப்பிட்ட செயலிகளுக்கு மட்டும் டேட்டா தருகிற பெக்கேஜ்கள் இங்கே தாராளம். எனிடைம் டேட்டா முடிந்த பிறகும் வட்ஸ்அப் ஓடும், ட்ரைவ் ஓடாது. பிள்ளை பொய் சொல்லவில்லை, அவருக்கு இன்டர்நெட் இருக்கிற மாதிரித்தான் தெரியும்.

2020 முடக்கக் காலத்தில் பல்கலைக்கழக மாணவர்களும் இதைப் பார்த்தார்கள். பல்கலைக்கழகச் சேர்வர்களுக்கு டேட்டா கழியாமல் போக வழி செய்திருந்தார்கள். ஆனால் எல்எம்எஸ்ஸுக்குள் (மூடில் போன்ற கற்றல் தளம்) ட்ரைவ் லிங்க் ஒன்றைப் போட்டால், அந்தக் கோப்பு சேர்வரில் இல்லாததால் சலுகை அதற்குச் சேராது. ஆகவே சிறிய கோப்பு என்றால் லிங்காகக் கொடுக்காமல் மூடிலுக்குள்ளேயே நேராக ஏற்றுவதுதான் என் வழக்கம்.

இரவு டேட்டா இருப்பவர்கள் நள்ளிரவுக்குப் பிறகு இறக்குவார்கள். காலை 8 மணி வகுப்புக்கு 7.30க்குக் குறிப்பு ஏற்றுவதில் பிரயோசனம் இல்லை, முதல் நாள் பின்னேரமே போட்டுவிடுங்கள்.

## ஆசிரியருக்குத் தெரிகிறது, மாணவருக்குத் தெரியவில்லை

மூடிலின் செல்லப் பிழை. இந்த வரிசையில் பாருங்கள்.

மறைத்து வைத்திருக்கிறீர்களா? கோப்பின் பெயருக்குக் கீழே மறைக்கப்பட்டுள்ளது என்று சிறிதாக ஒரு பட்டை இருக்கும். கோப்பைக் காட்டியிருந்தாலும் அது இருக்கும் பகுதி முழுவதையும் மறைத்திருக்கலாம், அதையும் பாருங்கள்.

அணுகல் கட்டுப்பாடு இருக்கிறதா? திகதி, குழு, முந்திய வினாடிவினாவின் புள்ளி என்று ஏதாவது நிபந்தனை போட்டிருப்பீர்கள். சென்ற வருடப் பாடநெறியை அப்படியே கொண்டுவந்தால் சென்ற வருட நிபந்தனையும் கூடவே வரும். நிபந்தனைக்குப் பக்கத்தில் ஒரு கண் அடையாளம் இருக்கும். கண் திறந்திருந்தால் பிள்ளைக்குக் கோப்பின் பெயர் மங்கலாகவும் நிபந்தனையும் தெரியும். கண் மூடியிருந்தால் ஒன்றுமே தெரியாது. நான் எப்போதும் திறந்தே வைப்பேன். "எதிர்வரும் திங்கள் திறக்கும்" என்று பிள்ளைக்குத் தெரிந்தாலே பாதி அழைப்புகள் குறைந்துவிடும்.

பிள்ளை சரியான பாடநெறியில்தான் இருக்கிறாரா? ஒரே பெயரில் 2024க்கும் 2025க்கும் இரண்டு பாடநெறிகள் இருந்தால் பழையதற்குள் போய் நின்று தேடுவார். கிளாஸ்ரூமில், பதிவை 'எல்லா மாணவர்களுக்கும்' என்று போடாமல் சிலரைத் தெரிவுசெய்து போட்டிருந்தால், பிறகு வந்து சேர்ந்த பிள்ளைக்கு அது தெரியாது.

### திறக்கும் நேரம் ஐந்தரை மணித்தியாலம் பிந்துகிறது

காலை 8க்குத் திறக்க வேண்டிய வினாத்தாள் பகல் 1.30க்குத் திறக்கிறது என்றால் காரணத்தைத் தேடி அலைய வேண்டாம். தளத்தின் நேர வலயம் கொழும்பு என்று இல்லாமல் உலகப் பொது நேரத்தில் நிற்கிறது. வெளிநாட்டு ஹோஸ்டிங்கில் புதிதாக நிறுவிய மூடிலில் இது சாதாரணம். அட்மின் தள அமைப்பில் 'ஏஷியா/கொழும்பு' என்று மாற்ற வேண்டும். வெளிநாட்டிலிருந்து கற்பிக்கும் ஆசிரியருக்கு மட்டும் நேரம் பிசகினால் அவருடைய சுயவிவரத்தில் உள்ள நேர வலயத்தைப் பாருங்கள். அவர் தன் ஊர் நேரத்தில் ஒப்படைக்கு முடிவுநேரம் போட்டிருப்பார்.

### படம் மட்டும் தெரியவில்லை

பாடப் பக்கத்தில் நீங்கள் வைத்த படம் உங்களுக்கு வடிவாகத் தெரியும், பிள்ளைகளுக்கு உடைந்த சட்டம் மட்டும் வரும். படத்தின் லிங்கைப் பிரதி எடுத்துப் பாருங்கள். நடுவில் 'ட்ராஃப்ட்ஃபைல்' என்ற ஆங்கிலச் சொல் இருந்தால் விஷயம் தெளிவு. அது நீங்கள் எழுதிக்கொண்டிருந்தபோது இருந்த தற்காலிக இடம், ஏற்றியவருக்கு மட்டுமே திறக்கும், சில நாட்களில் துப்புரவாகிவிடும். ஒரு பக்கத்தை எழுதிக்கொண்டிருக்கும்போதே அங்கிருந்து வெட்டி இன்னொரு பக்கத்தில் ஒட்டுவதால் வருவது இது. படத்தை எடிட்டரின் படப் பொத்தானால் அந்தந்தப் பக்கத்தில் திரும்ப ஏற்றுங்கள். குறுக்குவழி எதுவும் இல்லை.

### கணினியில் தெரிகிறது, போனில் வெற்றுப் பெட்டி

பிடிஎஃப் கோப்பைப் பக்கத்துக்குள் பதிக்கும் விதமாக அமைத்திருப்பீர்கள். பல போன் உலாவிகள் அதைக் காட்டாது. கோப்பின் அமைப்பில் தோற்றம் என்ற இடத்துக்குப் போய் 'ஃபோர்ஸ் டவுன்லோட்' என்று மாற்றுங்கள். உங்கள் மாணவரில் பெரும்பாலானோர் போனில்தான் படிக்கிறார்கள் என்றால் எல்லாக் கோப்புக்கும் அதையே வையுங்கள்.

## தரவேற்றம் முடிவதில்லை

முதலில் கோப்பின் அளவைப் பாருங்கள். இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும்: மிகப் பெரியதா, மிகச் சிறியதா?

1 அல்லது 2 கேபி என்றால் அது கோப்பே இல்லை. கொமினிகேஷன் கடையில் பிரிண்ட் எடுக்கப் போன பென் டிரைவ் வைரஸோடு வீட்டுக்கு வந்திருக்கிறது. உண்மையான கோப்புகளை ஒளித்துவிட்டு அதே பெயரில் குறுக்குவழிகளை வைத்திருக்கும். நீங்கள் ஏற்றியது அந்தக் குறுக்குவழியை. பென் டிரைவை வைரஸ் சோதனைக்குப் போட்டு, மறைந்த கோப்புகளைக் காட்டும்படி விண்டோஸில் தெரிவுசெய்து மூலக் கோப்பை எடுங்கள். அதற்குள் பென் டிரைவை ஃபோர்மட் செய்துவிடாதீர்கள்.

60, 80 எம்பி என்றால் அநேகமாக கையெழுத்துக் குறிப்பைப் போன் கமராவில் படமெடுத்து பிடிஎஃப் ஆக்கியிருப்பீர்கள். ஒவ்வொரு பக்கமும் சில எம்பி. அதே தாளை ட்ரைவ் செயலியில் உள்ள ஸ்கேன் வசதியாலோ வேறு ஸ்கேன் செயலியாலோ சாம்பல் நிறத்தில் எடுத்தால் ஒரு பக்கம் சில நூறு கேபிக்குள் வந்துவிடும், வாசிக்கவும் தெளிவாக இருக்கும். உங்கள் வசதிக்காக மட்டும் சொல்லவில்லை. 80 எம்பி கோப்பை 40 பிள்ளைகள் இறக்கினால் 3 ஜிபிக்கு மேல் டேட்டா, அதற்குக் காசு கட்டுவது பெற்றோர்.

வகுப்பு வீடியோவை மூடிலில் ஏற்றவே வேண்டாம். யூடியூபில் பட்டியலிடப்படாததாகப் போட்டு லிங்க் கொடுங்கள். கட்டண வகுப்பு என்றால் ஒன்றை நினைவில் வையுங்கள்: பட்டியலிடப்படாதது என்பது இரகசியம் ஆகாது. லிங்க் கிடைத்த யாரும் பார்க்கலாம்.

### 'கோப்பு அளவு அதிகம்' என்று வந்தால்

ஏற்றும் பெட்டிக்கு மேலேயே ஆகக்கூடிய அளவு எழுதியிருக்கும். அதைக் கூட்ட, ஒப்படையின் அமைப்பு, பாடநெறியின் அமைப்பு, தளத்தின் அமைப்பு என்று ஒவ்வொரு படியாக மேலே போக வேண்டும். இவற்றில் எது ஆகச் சிறியதோ அதுதான் செல்லுபடியாகும். ஒப்படையின் தெரிவுப் பட்டியலில் உங்களுக்கு வேண்டிய அளவே இல்லையென்றால் மேலே ஒருவர் அடைத்திருக்கிறார் என்று அர்த்தம். தள அமைப்பிலும் இல்லையென்றால் சேர்வரில் உள்ள பிஎச்பி (மூடிலை ஓட்டும் நிரல்மொழி) அடைத்திருக்கிறது. பிஎச்பியின் இயல்பு அளவு வெறும் 2 எம்பி. புதிதாக நிறுவிய தளத்தில் எதுவும் ஏறவில்லை என்றால் இதுதான் முதல் சந்தேகம்.

எப்போது ஹோஸ்டிங்காரரைக் கூப்பிடுவது: 413 என்ற எண்ணோடு பக்கம் வந்தால் மூடிலுக்குள் தேட ஒன்றுமில்லை. வெப் சேர்வர் வாசலிலேயே திருப்பி அனுப்புகிறது. அந்த வெப் சேர்வர் மென்பொருள் என்ஜினெக்ஸ் என்றால் அதன் இயல்பு வரம்பு 1 எம்பிதான். "பிஎச்பியில் கோப்பின் வரம்பு, மொத்தப் பதிவின் வரம்பு இரண்டையும், வெப் சேர்வர் வரம்பையும் 64 எம்பிக்கு உயர்த்துங்கள், மொத்தப் பதிவின் வரம்பு கோப்பின் வரம்பைவிடக் கொஞ்சம் கூட இருக்கட்டும்" என்று எழுதினால் அவர்களுக்கு விளங்கும்.

இன்னொரு சோதனை: 10 கேபி அளவில் ஒரு எழுத்துக் கோப்பை ஏற்றிப் பாருங்கள். அதுவும் ஏறவில்லையென்றால் அளவு பிரச்சினை இல்லை. சேர்வரில் இடம் முடிந்திருக்கலாம். இரவில் தானாக எடுக்கும் பேக்கப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்து இடத்தைத் தின்பதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். இதை ஆசிரியர் தொடக்கூடாது, அட்மின் வேலை. கோப்புகளை அழித்தாலும் உடனே இடம் கூடாது, மூடிலின் கிரோன் வேலை (சேர்வரில் குறித்த இடைவெளியில் தானாக ஓடும் வேலை) ஓடினால்தான் துப்புரவாகும். கிரோன் நின்றுபோயிருந்தால் அதையும் அப்போதே பார்க்கச் சொல்லுங்கள்.

## திறக்கிறது, ஆனால் எழுத்து விளங்கவில்லை

ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்து ஓடினால் அது பாமினி, யூனிகோட் (எல்லாச் சாதனங்களும் அறியும் பொதுக் குறியீடு) அல்லாத பழைய தமிழ் எழுத்துரு. எங்கள் ஆசிரியர்களிடம் பதினைந்து இருபது வருடத்துக் குறிப்புகள் பாமினியில் கிடக்கின்றன. தட்டச்சுப் பழக்கமும் அதிலேயே ஊறிவிட்டது. அதை மாற்றச் சொல்லி நான் யாரோடும் சண்டை பிடிப்பதில்லை. ஆனால் வேர்ட் கோப்பாக அனுப்பினால் பிள்ளையின் போனில் அந்த எழுத்துரு இருக்காது.

மலிவான வழி: உங்கள் கணினியிலேயே பிடிஎஃப் ஆகச் சேமித்து அதை ஏற்றுங்கள். எழுத்துரு உள்ளே பதிந்துவிடும். சிங்கள மொழிமூலக் குறிப்புகளில் பழைய எழுத்துருக்களுக்கும் இதே மருந்துதான். பிடிஎஃப் ஆக்கிய பிறகு போனில் ஒருமுறை திறந்து பாருங்கள். கணினியில் பார்த்தால் எழுத்துரு ஏற்கெனவே அங்கே இருப்பதால் உண்மை தெரியாது.

இதில் ஒரு குறை உண்டு. பாமினி பிடிஎஃபில் ஒரு சொல்லைத் தேட முடியாது, பிரதி எடுத்து ஒட்டினால் குப்பையாக வரும். பிள்ளைகள் தேடிப் படிக்க வேண்டிய குறிப்பு என்றால், அல்லது அவர்கள் நிரப்ப வேண்டிய செயலட்டை என்றால், யூனிகோட் மாற்றி ஒன்றில் போட்டு மாற்றிவிடுங்கள். மாற்றிய பின் ஒரு தடவை வாசியுங்கள். நடுவில் ஆங்கிலச் சொற்களோ கணிதக் குறிகளோ இருந்தால் அவையும் தமிழாகி விபரீதமாக நிற்கும்.

### கோப்பின் பெயர் தமிழில் இருப்பதால் வரும் தொல்லை

கோப்புக்குத் தமிழில் பெயர் வைப்பதில் தப்பு ஒன்றும் இல்லை. லிங்காக மாறும்போதுதான் தொல்லை. ஒவ்வொரு தமிழ்க் குறியும் லிங்கில் 9 எழுத்தாக விரியும். 'பாடக்குறிப்பு' என்ற ஒரு சொல்லே 117 எழுத்தாகும். இரண்டு வரி பெயர் வைத்தால் லிங்க் வட்ஸ்அப்பில் பாதியில் முறிந்து நிற்கும். ஆகவே கோப்புக்கு ஆங்கில எழுத்திலும் இலக்கத்திலும் சிறு பெயர் வையுங்கள். மூடிலில் அதற்கு மேல் காட்டும் தலைப்பைத் தாராளமாகத் தமிழில் எழுதுங்கள். பிள்ளை பார்ப்பது அதைத்தான்.

சிப் கோப்புக்குள் (பல கோப்புகளைச் சுருக்கி ஒன்றாக்கியது) தமிழ்ப் பெயர்கள் இருந்தால் பழைய மென்பொருட்கள் அவற்றைக் கேள்விக்குறிகளாக்கிவிடும். அதோடு இதே மாதிரிச் சுருக்கும் ரார் கோப்பைத் திறக்கப் பல போன்களில் வசதியே இல்லை. பல கோப்புகளைக் கொடுக்க வேண்டுமென்றால் மூடிலின் ஃபோல்டர் வசதியைப் பயன்படுத்துங்கள்.

## திருத்திய பிறகும் பழையதே வருகிறது

பிள்ளையின் போனில் டவுன்லோட் ஃபோல்டரில் ஒரே பெயரில் அடைப்புக்குறிக்குள் 1, 2 என்று கோப்புகள் நிற்கும். அவர் திறப்பது முதலில் இறக்கியதை. மூடில் செயலி என்றால் ஓஃப்லைனுக்கு எடுத்து வைத்த பிரதியாக இருக்கும், பக்கத்தைக் கீழே இழுத்துப் புதுப்பிக்கச் சொல்லுங்கள்.

உங்கள் பக்கத்தில் பார்க்க வேண்டியது: மூடிலில் புதிய கோப்பைப் பழையதோடு சேர்த்து ஏற்றியிருக்கிறீர்களா? ஒரு கோப்பு வளத்துக்குள் இரண்டு கோப்புகள் இருந்தால் 'பிரதான கோப்பு' என்று குறித்தது மட்டுமே திறக்கும். பழையதை அழியுங்கள், அல்லது புதியதைப் பிரதானமாக்குங்கள்.

ட்ரைவில் பலர் செய்வது, பழையதை அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றுவது. லிங்க் மாறிவிடும், கொடுத்த இடமெல்லாம் செத்த லிங்க் நிற்கும். கணினி உலாவியில் கோப்பின் மெனுவில் பதிப்புகளை நிர்வகிக்கும் இடம் இருக்கிறது. அங்கே புதிய பதிப்பை ஏற்றினால் அதே லிங்கில் புதியது திறக்கும். இந்த ஒரு வசதியைத் தெரிந்துகொண்டால் ஒரு தவணைக்கு வரும் தொல்லையில் பாதி குறையும். மூடிலிலும் அப்படித்தான்: லிங்க் கொடுப்பதானால் கோப்பின் நேர் லிங்கைக் கொடுக்காமல், பாடநெறிப் பக்கத்தில் அந்தத் தலைப்பை வலச்சொடுக்கி எடுக்கிற லிங்கைக் கொடுங்கள். உள்ளே கோப்பை மாற்றினாலும் அது மாறாது.

இதற்கு யாரையும் கூப்பிடத் தேவையில்லை.

## "நான் போட்டேன் மிஸ்", ஆனால் ஒப்படை இல்லை

மூடிலில் பிள்ளையின் நிலையைப் பாருங்கள். 'வரைவு' என்று இருந்தால் கோப்பு ஏறியிருக்கிறது, கடைசிச் சமர்ப்பிப்புப் பொத்தானை அழுத்தவில்லை. ஒப்படை அமைப்பில் அந்தப் பொத்தானைக் கட்டாயமாக்கியிருந்தால்தான் இந்தச் சிக்கல் வரும். பெரும்பாலான வகுப்புகளுக்கு அது தேவையில்லை, நிறுத்திவிடுங்கள். நிலை வெறுமையாக இருந்தால் கோப்பைப் பெட்டிக்குள் இழுத்துப் போட்டுவிட்டு சேவ் செய்யாமல் வெளியே வந்திருப்பார். பெட்டியில் கோப்பு தெரிந்ததும் முடிந்துவிட்டது என்று நினைப்பது இயல்புதான்.

கோப்பு வந்திருக்கிறது, உங்கள் கணினி திறக்க மறுக்கிறது என்றால் ஐபோன் படமாக இருக்கும். 2017க்குப் பிந்திய ஐபோன்கள் இயல்பாக எடுக்கும் 'ஹெய்க்' வகைப் படத்தைப் பழைய விண்டோஸ் காட்டாது. அந்தப் பிள்ளையிடம் கமரா அமைப்பில் 'மோஸ்ட் கொம்பாட்டிபிள்' என்று மாற்றச் சொல்லுங்கள். ஒப்படையில் பிடிஎஃப் மட்டும் ஏற்கப்படும் என்று வகையைக் கட்டுப்படுத்துவது இன்னும் நல்லது.

கிளாஸ்ரூமில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே செயலட்டையில் எழுதிக் குழப்பியிருந்தால், 'ஒவ்வொருவருக்கும் ஒரு பிரதி' என்பதைத் தெரிவுசெய்யாமல் ஒப்படையைப் போட்டிருக்கிறீர்கள். போட்ட பிறகு அதை மாற்ற முடியாது. ஒப்படையை அழித்துப் புதிதாகப் போட வேண்டியதுதான்.

## கோப்பு காணாமல் போய்விட்டது

அமைதியாக இருங்கள், புதிதாக எதையும் ஏற்றாதீர்கள். நேரம் முக்கியம், ஒவ்வொரு குப்பைத்தொட்டிக்கும் ஒரு கெடு இருக்கிறது.

மூடிலில் பாடநெறிக்குள் 'ரீசைக்கிள் பின்' என்று ஒன்று, அதில் ஏதாவது இருந்தால் மட்டும், மெனுவில் தெரியும். அழித்த சில நிமிடங்களுக்குப் பிறகுதான் அது வரும். இயல்பான கெடு 7 நாள். முழு வளத்தையும் அழித்திருந்தால் அங்கிருந்து மீட்கலாம். ஒரு ஃபோல்டருக்குள் இருந்த தனிக் கோப்பை மட்டும் அழித்திருந்தால் அங்கே வராது.

ட்ரைவ் குப்பைத்தொட்டியில் 30 நாள். சொந்தக்காரரின் தொட்டியில்தான் இருக்கும், ஆகவே யார் ஏற்றினார்கள் என்று முதலில் கண்டுபிடியுங்கள்.

ஓர் ஆசிரியர் விலகிய பிறகு ஒரு பாடத்தின் கோப்புகள் மொத்தமாக மறைந்தால் அவருடைய நிறுவனக் கணக்கை யாரோ அழித்திருக்கிறார்கள். அழித்து 20 நாளுக்குள் என்றால் கூகுள் அட்மினால் கணக்கைத் திரும்ப எழுப்பிக் கோப்புகளை வேறொருவருக்கு மாற்ற முடியும். 20 நாள் தாண்டினால் கதை முடிந்தது. அன்றைக்கே போன் எடுங்கள், மின்னஞ்சல் அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டாம். சொந்த ஜிமெயிலில் கோப்புகளை வைத்திருந்த ஆசிரியர் என்றால் அட்மினாலும் ஒன்றும் செய்ய முடியாது, அவரிடமே கேட்க வேண்டும். இரண்டு வருடம் தொடாத சொந்தக் கணக்குகளை 2023 டிசம்பரிலிருந்து கூகுள் அழிக்கத் தொடங்கியிருப்பதையும் மறக்க வேண்டாம்.

தளத்திலும் இல்லை, ஏற்றியவரின் பென் டிரைவில் மட்டும் இருந்தது, அதுவும் திறக்கவில்லை என்றால் அதைக் கணினியில் குத்திக் குத்திப் பார்ப்பதை நிறுத்துங்கள். பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாப் பக்கம் கொண்டுபோகலாம். எடுத்துப் பார்ப்பதற்கு எவ்வளவு, கோப்பு கிடைத்தால் எவ்வளவு என்று இரண்டையும் தனித்தனியாகக் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

கடைசி வழி, சேர்வர் பேக்கப்பிலிருந்து பாடநெறியை மீட்பது. இதில் அவசரப்பட்டு "பேக்கப்பைப் போட்டுவிடுங்கள்" என்று மட்டும் அட்மினுக்குச் சொல்லாதீர்கள். இருக்கிற பாடநெறியை அழித்துவிட்டு அதன் மேல் மீட்டால் பேக்கப்புக்குப் பிறகு பிள்ளைகள் கொடுத்த ஒப்படைகளும் புள்ளிகளும் போய்விடும். எந்தப் பாடநெறி, எந்தக் கோப்பு, கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்று எழுதி, அந்தத் திகதிக்கு முந்திய பேக்கப்பை மறைத்த புதிய பாடநெறியாக மீட்டுத் தரச் சொல்லுங்கள். அதற்குள்ளிருந்து வேண்டிய கோப்பை மட்டும் இறக்கிப் பழைய இடத்தில் ஏற்றிவிட்டு, மறைத்த பாடநெறியை அழித்துவிடலாம்.